அப்பாவைவிடப் பிள்ளை மேலே வர நம்ம ஏரியா விடுகிறதா? வடசென்னை ஆட்கள் சொல்லுங்கள்

மில்லுக்குப் பின்தெரு:

தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லில் நெசவு. அப்பாவும் அங்கேதான். 1996-ல் மில்லை மூடியதும் கைக்கு வந்த பணத்தில் கொஞ்ச காலம் பெட்டிக்கடை, அப்புறம் வாட்ச்மேன் வேலை. நான் இன்று கம்ப்யூட்டர் வேலையில் மாதச் சம்பளக்காரன். "உழைச்சு மேலே வந்துட்டான்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என் வகுப்பில் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவன் இன்று கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான், ஹார்பர் கேட்டுக்கு வெளியே ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கிறான். அவன் என்ன குறைவாகவா உழைத்தான்?

ரொம்ப நாளாக யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது. எங்கள் பக்கத்து வீட்டில் மில் ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்த ஒருவர் குடியிருந்தார். அண்ணா பல்கலை கவுன்சலிங் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு இன்னின்ன சான்றிதழ் வேண்டும், இந்தக் கல்லூரியை முதலில் போடு, அந்தக் கல்லூரிப் பக்கமே போகாதே என்று உட்காரவைத்துச் சொன்னவர் அவர். நண்பன் இருந்த தெருவில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர் பக்கம் மில் ஓடின காலத்தில் தறி ஓட்டுகிறவர், ஃபிட்டர், கிளார்க், மேஸ்திரி எல்லோரும் ஒரே தெருவில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். இன்று நிலையான சம்பளம் வந்த அடுத்த வருடமே ஆள் மாதவரத்துக்கோ அம்பத்தூருக்கோ போய்விடுகிறார், தெருவில் கேட்க ஆள் இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, ஸ்காலர்ஷிப் இருக்கிறது, ஒரு படி மேலே நிற்கிற ஆள்தான் இல்லை. உங்கள் தெருவில் எப்படி?

எண்ணூர்க்காத்து:

அண்ணா, நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கிளார்க் ஏன் உங்கள் தெருவில் இருந்தார்? மில் இருந்தது. நிரந்தர வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் இருந்தது. மில் போனதும் அவரும் போயிருப்பார். முதலில் வேலை, அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரர்.

எங்கள் பக்கம் லேலண்ட், ஃபவுண்டரி, அனல்மின் நிலையம், இந்தப் பக்கம் வந்தால் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை என்று வரிசையாக நிற்கிறது. அப்பா தலைமுறையில் ஐ.டி.ஐ. முடித்தவன் உள்ளே போனான், நிரந்தரமானான், லோன் போட்டு வீடு கட்டினான், பிள்ளையை டிப்ளமோ, பி.இ. என்று தள்ளிவிட்டான். இன்று அதே படிப்பு படித்தவன் கான்ட்ராக்ட் பாஸோடு கேட்டில் நிற்கிறான். ஆறு மாதம் ஒரு கான்ட்ராக்டர், அடுத்த ஆறு மாதம் இன்னொருத்தர், அடுத்த மாதம் வேலை உண்டா என்று அவனுக்கே தெரியாது. பிள்ளையை நாலு வருடம் கல்லூரிக்கு அனுப்ப எந்த தைரியத்தில் முடிவெடுப்பான்?

காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை முகத்துவாரம் முழுக்கப் படிந்தது, அந்த நாற்றம் அடங்குவதற்குள் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. ஜனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியது. வலையும் படகும் கெட்டுப்போன ஒரு வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும், அங்கே முதலில் நின்றது மூத்த பெண்ணின் நர்சிங் படிப்பு. இதற்கு எந்தக் கிளார்க் வந்து என்ன சொல்லிக் கொடுப்பார்?

ராயபுரம் டீச்சர்:

எண்ணூர்த் தம்பி, வேலை இல்லாமல் எதுவும் இல்லை, சரி. ஆனால் இருக்கிற சலுகையே பிள்ளைகள் கைக்கு வந்து சேரவில்லை என்பதை வருடா வருடம் பார்க்கிறவள் நான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது. பொறியியலில் அந்த இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரு அம்மா மகளின் மதிப்பெண் பட்டியலை மஞ்சள் பையில் மடிப்புக் கலையாமல் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அருமையான மதிப்பெண். பழைய டி.சி.யைப் புரட்டினால், ஆறாவதும் ஏழாவதும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில். கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறார்கள், அப்புறம் ஃபீஸ் கட்ட முடியாமல் மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இந்த ஒதுக்கீடே கிடையாது, அவர்களைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் இன்றைக்கும் ஐந்தாவது முடித்த பிள்ளையோடு அதே முடிவை எடுக்கிற வீடுகள் என் பள்ளியைச் சுற்றிலும் இருக்கின்றன. வாசலில் நிறுத்திச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இன்னொன்று, முதல் பட்டதாரி சலுகை. கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணம் குறையும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. மே மாதம் வீடு வீடாக வந்து "இப்பவே சீட் போட்டுடுங்க, அப்புறம் கிடைக்காது" என்று பயமுறுத்துகிற புரோக்கர் இதைச் சொல்வாரா?

600039:

வியாசர்பாடி. பின்கோடையே பேராக வைத்திருக்கிறேன், ஏனென்றால் என் கதையே அதுதான்.

டிகிரி முடித்து முதல் இன்டர்வியூவில் எல்லாம் நன்றாகப் போனது, கடைசியில் "வியாசர்பாடியா?" என்று ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு, அப்புறம் போனே வரவில்லை. அடுத்த ரெஸ்யூமில் அண்ணா நகரில் இருக்கிற சித்தி வீட்டு விலாசம் போட்டேன், வேலை கிடைத்தது. அம்மாவுக்குத் தையல் மிஷின் வாங்க ஒரு வங்கிக்குப் போனோம், பேப்பர் எல்லாம் சரி, ஏரியா பேரைப் பார்த்ததும் "வெரிஃபிகேஷனுக்கு ஆள் வரமாட்டாங்க" என்றார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தால் மூலக்கொத்தளம் தாண்டியதும் நிறுத்தி "எந்த ஏரியா, என்ன கேஸ் இருக்கு" என்பார்கள். என் மேல் எந்தக் கேஸும் கிடையாது.

பின்தெரு அண்ணா, மாதவரம் போனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நானும் அங்கேதான் போகப் போகிறேன். என் பெண்ணின் ரெஸ்யூமில் இந்தப் பின்கோடு வரக்கூடாது. ஏரியாவுக்கு நல்லது பண்ணுகிறேன் என்று என் பிள்ளையை அடமானம் வைக்கச் சொல்லாதீர்கள்.

மில்லுக்குப் பின்தெரு:

தம்பி, போகாதே என்று சொல்கிற உரிமை எனக்கு இல்லை. நானும் இப்போது இருப்பது கொளத்தூரில். ஆனால் நீங்கள் சொல்கிற வலியையும் டீச்சர் சொல்வதையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆராய்ச்சி உதவும் என்று நினைக்கிறேன்.

ராஜ் செட்டி என்கிற பொருளாதார அறிஞரும் அவர் குழுவும் அமெரிக்காவில் வரிக் கணக்குகளை வைத்து, ஏழை வீட்டில் பிறந்த பிள்ளை வளர்ந்து எவ்வளவு சம்பாதிக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்தார்கள். வருமானத்தில் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை உச்சி ஐந்தில் ஒரு பங்குக்குப் போகிற வாய்ப்பு சான் ஹோசேயில் 12.9 சதவீதம், சார்லட்டில் 4.4. ஒரே நாடு, ஒரே சட்டம், ஊர் மாறினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். ஏழைகளும் வசதியானவர்களும் தனித்தனியாகப் பிரிந்து வாழாத ஊர், வருமான இடைவெளி குறைந்த ஊர், ஆரம்பப் பள்ளி நன்றாக இருக்கிற ஊர், ஜனங்கள் ஒருவரோடு ஒருவர் புழங்குகிற ஊர், குடும்பங்கள் உடையாமல் இருக்கிற ஊர், இங்கேதான் பிள்ளைகள் மேலே வந்திருக்கிறார்கள். 2014-ல் வந்த ஆய்வு அது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை, இவை சேர்ந்தே காணப்படுகின்றன என்றுதான் சொன்னார்கள்.

அப்புறம் 2022-ல் ஃபேஸ்புக்கில் 7.2 கோடிப் பேரின் நட்புகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏழைப் பிள்ளைகள் வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு எவ்வளவு பழகுகிறார்கள் என்பதுதான் அவர்கள் மேலே வருவதோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. ஒரே பள்ளியில் இருந்தும் பழகாமல் தனித்தனிக் கூட்டமாக உட்காருவதும் ஒரு தடை என்று கண்டார்கள், பிரிவினையில் ஏறக்குறைய பாதி அதனால் வருவது. 600039 தம்பியைச் சிரித்து அனுப்பிய ஆள் வியாசர்பாடிப் பையனோடு ஒரு நாளாவது உட்கார்ந்து டீ குடித்திருந்தால் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

பேசின் பிரிட்ஜ்:

மில் காலத்தைக் கொஞ்சம் இனிப்பாக எழுதிவிட்டீர்கள் தோழர். ஒரே குழாயில் எல்லோரும் தண்ணீர் பிடித்தார்கள் என்றால், எந்தத் தெருவில்? 1918-ல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்தது, வாடியா, திரு.வி.க. எல்லாம் முன்னால் நின்றார்கள், பெருமைப்பட வேண்டிய விஷயம். அதே மில்லில் 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம் என்று உடைந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அந்தக் கோடு இன்னும் தெருக்களில் இருக்கிறது.

"ஒரு படி மேலே நிற்கிற ஆள்" என்று நீங்கள் சொல்வது நம் ஊரில் பெரும்பாலும் சொந்தக்காரன், சாதிக்காரன். விருதுநகரில் நாடார் வியாபாரிகள் மகமை பிரித்து, அதாவது வியாபாரத்தில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்கு என்று எடுத்துவைத்து, வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காமராஜர் படித்தது அப்படி வந்த பள்ளியில். கடை, மண்டி, முதலீடு எல்லாம் கையில் இருந்த சமூகம் தன் பிள்ளைகளை அப்படித் தூக்கிவிட முடிந்தது, நல்ல விஷயம்தான். மகமை பிரிக்கக் கடையே இல்லாத சமூகம் என்ன செய்யும்? இந்திய அளவில் ஆஷர், நோவோசாட், ராஃப்கின் செய்த ஆய்வில், படிப்பில் பின்தங்கிய அப்பாக்களின் பிள்ளைகள் மேலே வருவது பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் கூடியிருக்கிறது, முஸ்லிம்களிடம் குறைந்திருக்கிறது. இட ஒதுக்கீடு, அரசு வேலை, அரசியல் பிரதிநிதித்துவம் எல்லாம் ஒரு பக்கம் வேலை செய்திருக்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனசை நம்பி ஒரு தலைமுறையை விட முடியாது.

பூக்கூடை மகள்:

எல்லோரும் பெரிய பெரிய ஆய்வாகப் பேசுகிறீர்கள், ஒருத்தர்கூடத் தண்டலைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா கொருக்குப்பேட்டையில் பூ விற்றார். பத்தாயிரம் தண்டல் எடுத்தால் கையில் வருவது 8,500. தினமும் 100 ரூபாய், நூறு நாள். கேட்க 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நாளாக ஆக அசல் குறைந்துகொண்டே போகிறது, நம் கையில் சராசரியாக இருப்பது பாதிப் பணம்தான், நூறு நாளில் அதற்கு 1,500. வருடக் கணக்குப் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தையும் தாண்டுகிறது. சாயங்காலம் சைக்கிளில் அட்டையோடு வருவார், பூ விற்றதோ இல்லையோ நூறு ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். மழை நாளில் பூ அழுகிவிடும், அன்று இன்னொரு இடத்தில் வாங்கி இவருக்குக் கட்டுவார். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு தண்டல், தீபாவளிக்கு ஒரு தண்டல், இது முடிவதற்குள் அது.

என் அண்ணன் பத்தாவதோடு நின்றது தகவல் தெரியாமல் இல்லை, ஐ.டி.ஐ. இருப்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அந்த நூறு ரூபாய்க்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, மீன் லோடு ஏற்றப் போனான். நான் படித்தேன், ஏனென்றால் அதற்குள் அம்மா மகளிர் குழுவில் சேர்ந்துவிட்டார், தண்டல் நின்றது. பாரதி பெண்கள் கல்லூரியில் பி.காம். எங்கள் கல்லூரியில்தான் 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வருகிற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது, ஆனால் அந்த ஆயிரம் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். "பொண்ணு எதுக்குப் படிக்கணும்" என்று கேட்கிற மாமன் வாயை அது அடைக்கிறது.

ராயபுரம் டீச்சர்:

பூக்கூடை, நீ எழுதியதை வகுப்பில் படித்துக்காட்டப் போகிறேன், பேர் இல்லாமல். அண்ணன் நின்றான், தங்கை படித்தாள் என்கிற வீடுகள் இப்போது ரொம்பவே கூடிவிட்டன. பையன்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும், பத்தாவது லீவில் லோடு வேலைக்குப் போய் கையில் காசு பார்த்த பையனை ஜூனில் திரும்பக் கூப்பிடுவது பெரும் பாடு.

பெரும்பாக்கம் ஏழாவது மாடி:

நாங்கள் கூவம் கரையிலிருந்து, ஊருக்குத் தெற்கே வெகுதூரம் தள்ளி இருக்கிற இந்தப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அமெரிக்க ஆய்வைப் படித்தேன், ஏரியா மாறினால் பிள்ளை மேலே வரும் என்றால் நாங்கள் மேலே வந்திருக்க வேண்டுமே? வீடு பெரிசுதான், கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது, தண்ணீர்க் குடத்தோடு வரிசை இல்லை. ஆனால் அம்மா வீட்டு வேலைக்குப் போன வீடுகள் எல்லாம் சென்ட்ரல் பக்கம். விடியற்காலை பஸ் பிடித்துக் கொஞ்ச நாள் போனார், அப்புறம் விட்டுவிட்டார். தம்பியை வருட நடுவில் பள்ளி மாற்றினோம், அவன் அதோடு சரி.

மில்லுக்குப் பின்தெரு:

நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் உட்பட 5 நகரங்களில் ஏறக்குறைய 4,600 குடும்பங்களை வைத்துக் குலுக்கல் முறையில் ஒரு சோதனை நடந்தது. வறுமை குறைந்த பகுதியில் வாடகைக்குப் போக ஒரு பிரிவினருக்கு உதவித்தொகைச் சீட்டு கொடுத்தார்கள். 13 வயதுக்கு முன்னால் அப்படிப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வயது கூடிப் போன பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை, இடம் மாறியதன் நஷ்டம்தான் கொஞ்சம் தெரிந்தது. உங்கள் தம்பி நினைவுக்கு வந்தான்.

ஆனால் அங்கே போனது வறுமை குறைந்த இடத்துக்கு, விருப்பப்பட்டு, தனித்தனியாக. இங்கே ஏழைகளை மொத்தமாகத் தூக்கி ஏழைகள் மட்டுமே இருக்கிற இடத்தில் வைத்தார்கள். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு ஆதாரம் இருக்கிறது. அகமதாபாத்தில் 1987-ல் பீடி சுற்றும் பெண்களுக்கு நகரத்தின் மையத்திலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளிக் குலுக்கலில் வீடு கொடுத்தார்கள். 14 வருடம் கழித்துப் பார்த்தால் வீடு கிடைத்தவர்கள் வருமானத்திலோ பிள்ளைகள் நிலையிலோ கிடைக்காதவர்களைவிட மேலே இல்லை, மூன்றில் ஒரு பங்குப் பேர் போகவே இல்லை, போனவர்களிலும் பலர் திரும்பிவிட்டார்கள். சொந்தபந்தம் விட்டுப்போனது, அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்க ஆள் இல்லை.

கேரம் கிளப்:

எண்ணூர் நண்பர் வேலை என்கிறார், பின்தெரு அண்ணா ஆள் என்கிறார். இரண்டும் சந்திக்கிற இடம் நம் ஏரியாவில் ஏற்கனவே இருக்கிறது. எங்கள் கேரம் கிளப்பில் ஹார்பர் ஊழியர், மீன் ஏலம் விடுகிறவர், ஐ.சி.எஃப். ரெயில்பெட்டித் தொழிற்சாலை டெக்னீஷியன், ஸ்கூல் பையன் எல்லோரும் ஒரே போர்டைச் சுற்றி உட்காருகிறார்கள். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். தங்கம் வாங்காத நூறு பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்கிறேன். ரெயில்வே அப்ரண்டிஸ் அறிவிப்பு வந்தால் எங்கள் பையன்களுக்கு முதலில் தெரிவது கிளப்பில்தான். ஐ.சி.எஃப்.பில் ஐ.டி.ஐ. இல்லாத பத்தாவது முடித்த பையனும் ஃப்ரெஷராகச் சேரலாம், அப்ரண்டிஸ் முடித்தால் ரெயில்வேயின் அடிநிலை (லெவல் 1) காலியிடங்களில் 20 சதவீதம் அவர்களுக்கு ஒதுக்கீடு. இதை டெக்னீஷியன் அண்ணன் ஸ்ட்ரைக்கரை அடித்துக்கொண்டே சொல்வார், பையனும் மறுநாள் பிரௌசிங் சென்டருக்குப் போவான்.

எண்ணூர்க்காத்து:

கிளப் நல்லது, மறுக்கவில்லை. அந்த டெக்னீஷியன் ரிட்டயர் ஆனால் அவர் இடத்தில் கான்ட்ராக்ட் ஆள் வந்தால், பத்து வருடம் கழித்துக் கிளப்பில் சொல்ல யார் இருப்பார்? 2024-ல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 4,181 கோடிக்கு அறிவித்தார்கள், பள்ளி, மருத்துவமனை, பாலம், குடியிருப்பு எல்லாம் வரட்டும். இந்த ஆலைகளுக்குள் எங்கள் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை எத்தனை என்பதுதான் என் கேள்வி. அதில் நான் மாறமாட்டேன்.

பிளஸ் டூ காமர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டை, பன்னிரண்டாவது வணிகவியல், தமிழ் மீடியம். ஆடிட்டர் ஆகணும்னு ஆசை. எங்க வீட்டுல, தெருவுல யாருக்கும் எதுவும் தெரியாது. சி.ஏ.வுக்கு லட்சக்கணக்குல ஆகும்னு ஃப்ரெண்டு சொல்றான். யாரைக் கேக்கணும்?

பூக்கூடை மகள்:

என்னைக் கேள் தம்பி. நான் சி.ஏ. இன்டர் முதல் குரூப் முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். லட்சக்கணக்கில் ஆவது தனியார் கோச்சிங்குக்கு, இன்ஸ்டிடியூட் கட்டணம் அதைவிட ரொம்பக் குறைவு. முதலில் ஃபவுண்டேஷன், நாலு தாள்: கணக்கியல், வணிகச் சட்டம், கணிதம் புள்ளியியல் சேர்ந்த ஒரு தாள், பொருளாதாரம். அப்புறம் இன்டர், அப்புறம் இரண்டு வருடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி, அதில் மாதாமாதம் ஸ்டைபண்ட் வரும். தேர்வைத் தமிழில் எழுத முடியாது, இங்கிலீஷ் அல்லது இந்தி. அதனால் சட்டத் தாளை இன்றிலிருந்தே இங்கிலீஷில் படிக்கத் தொடங்கு, கணக்குத் தாள் உனக்குக் கஷ்டமாக இருக்காது. நுங்கம்பாக்கத்தில் இன்ஸ்டிடியூட் ஆபீஸ் இருக்கிறது, ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணுவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய் வா. என் ஃபவுண்டேஷன் புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. சட்டத்துக்குப் புது சிலபஸ் புத்தகம் வாங்க வேண்டியிருக்கும். தனிச்செய்தியில் எழுது.

600039:

தம்பி, புது சட்டப் புத்தகத்துக்கு நான் பணம் போடுகிறேன். ஆர்ட்டிகிள்ஷிப் தேடும்போது விலாசத்தைப் பார்த்து யாராவது இழுத்தடித்தால் இங்கே வந்து சொல், எங்கள் ஆபீஸ் ஆடிட்டரிடம் நான் பேசுகிறேன்.